'குட்டி யானை'க்கு ஒரு பிளேட் ஏத்தலாமா? பழைய டாடா ஏஸை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அண்ணே, பின்னாடி ரொம்ப உக்காருது. ஒரு பிளேட் சேர்த்து ஏத்தி விட்டுடலாமா?"

தமிழ்நாட்டில் எந்த ஊர் ஸ்பிரிங் பட்டறைக்குப் போனாலும் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் ஒரு 'குட்டி யானை' ஓட்டுநர். கோயம்பேட்டில் காய்கறி மூட்டை, திருப்பூரில் துணி பண்டல், ராமநாதபுரத்தில் மீன் பெட்டி என்று லோடு மாறலாம், கேள்வி மட்டும் மாறாது. பல இடங்களில் "ஏத்திடலாம்ணே, சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க" என்ற பதிலும் உடனே கிடைத்துவிடும்.

இப்போது இந்தக் கேள்வி ஓட்டுநர்களோடு நிற்கவில்லை. பழைய டாடா ஏஸ் ஒன்றை வாங்கி நடமாடும் டிபன் கடை போடலாம், காபி வண்டி ஆக்கலாம், ஆன்லைன் டெலிவரிக்கு விடலாம் என்று திட்டமிடும் இளைஞர்கள் அதிகம். அப்பா ஓட்டிய வண்டியைச் சரிசெய்து தொழிலைத் தொடர நினைப்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை, 'கொஞ்சம் மாத்தி எடுத்துக்கலாம்' என்பதுதான்.

எதை மாற்றலாம்? எதைத் தொடவே கூடாது? பழைய வண்டிக்குச் செலவழிக்கும் பணம் முதலில் எங்கே போக வேண்டும்? பார்க்கலாம்.

ஏன் எல்லோரும் இந்த வண்டியையே தேடுகிறார்கள்?

டாடா ஏஸ் 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. அதுவரை சின்ன லோடுக்கு மூன்று சக்கர ஆட்டோ, பெரிய லோடுக்கு லாரி என்றுதான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பிடிக்க, கிரீஷ் வாக் தலைமையிலான டாடா மோட்டார்ஸ் குழு உருவாக்கிய வண்டி இது. இந்தி பேசும் ஊர்களில் 'சோட்டா ஹாத்தி', நமக்குக் 'குட்டி யானை'.

இன்ஜின் வெறும் 702 சிசி. இரண்டே சிலிண்டர். 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக வெட்டியதுபோல என்று சொன்னால் தவறில்லை. ஓட்டுநர் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். ஆரம்பகால வண்டிகளில் டீசல் பம்ப்பும் முழுக்க மெக்கானிக்கல். லேப்டாப் மாட்டி கோளாறு கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. கை பழகிய உள்ளூர் மெக்கானிக்கே போதும். உதிரிபாகம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் கிடைக்கும்.

15 வருடப் பழைய ஏஸுக்கும் இன்றுவரை கிராக்கி இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் 'எளிதாகப் பழுது பார்க்கலாம்' என்பதை 'எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம்' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1,550 கிலோ என்ற கணக்கு

முதல் தலைமுறை ஏஸின் ஆர்.சி. புத்தகத்தில் முக்கியமான எண் ஒன்று இருக்கும். வண்டியின் மொத்த எடை, அதாவது வண்டி, ஓட்டுநர், லோடு எல்லாம் சேர்த்து, 1,550 கிலோ. அதில் லோடு சுமார் 750 கிலோ. மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் உங்கள் ஆர்.சி.யில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் ஸ்பிரிங்குக்கு மட்டுமான எண் அல்ல. ஆக்சில், சக்கர பேரிங், டயர், பிரேக், கிளட்ச், ஸ்டீயரிங், சேசிஸ் எல்லாமே இந்த ஒரே எண்ணை மனதில் வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஒரு சங்கிலி மாதிரி. அதில் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால் சங்கிலி பலமாகாது. அறுந்துபோகும் இடம்தான் பக்கத்துக் கண்ணிக்கு மாறும்.

பிளேட் ஏற்றினால் என்ன ஆகும்?

பின்பக்க ஸ்பிரிங் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, யு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பட்டைகள். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் விறைக்கும். லோடு ஏற்றினால் வண்டி முன்புபோல உட்காராது. ஓட்டுநருக்கு 'வண்டி தாங்குது' என்று தோன்றும்.

உண்மையில் தாங்குவது ஸ்பிரிங் மட்டும்தான். வண்டி உட்காருவது ஓட்டுநருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. பிளேட் ஏற்றியதும் அந்த எச்சரிக்கை காணாமல் போய்விடுகிறது. 750 கிலோ ஏற்றிய இடத்தில் ஒன்றரை டன் ஏறும். அப்போது மொத்த எடை சுமார் 2,300 கிலோ. அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த, பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறும். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக். சமவெளியில் இரண்டு முறை தப்பித்துவிடலாம். ஏற்காடு, கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

இன்னொரு பாதிப்பு, வண்டி காலியாக வரும்போது. விறைத்த ஸ்பிரிங் குண்டும் குழியுமான ரோட்டில் அதிர்வை வாங்காது. அதிர்ச்சி நேராக சேசிஸுக்குப் போகும். ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகள் அருகே விரிசல் விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, லோடே இல்லாமல் வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? உடைந்த பட்டையை அதே அளவில் மாற்றுவது, தளர்ந்த பட்டையை மறுபடி வளைத்துக் கட்டுவது, தேய்ந்த புஷ் மாற்றுவது எல்லாம் பழுது வேலை. தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

கூண்டு உயர்த்துவது

அடுத்து அதிகம் நடப்பது பக்கவாட்டுப் பலகையை உயர்த்தி, மேலே இரும்புக் கூண்டு கட்டுவது. இதில் இரண்டு விஷயங்கள் மறந்துபோகின்றன.

ஒன்று, எடை. 100 கிலோ இரும்பில் கூண்டு கட்டினால் ஏற்றக்கூடிய லோடில் 100 கிலோ போச்சு. மொத்த எடை வரம்பு நகராது.

இரண்டு, உயரம். லோடு மேலே போகப் போக வண்டியின் எடை மையமும் மேலே போகும். ஏஸ் அகலம் குறைந்த வண்டி. வைக்கோல், பஞ்சு, காலி கேன் போன்ற எடை குறைந்த சரக்கைத்தான் உயரமாக அடுக்குகிறோம் என்று நினைக்கலாம். ஆனால் கூண்டு இருந்தால் ஒருநாள் அதில் வெங்காய மூட்டையும் ஏறும். திருப்பத்தில் முன்பு 40 கி.மீ. வேகத்தில் சாதாரணமாகத் திரும்பிய வண்டி, இப்போது அதே வேகத்தில் உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கும்.

டிபன் வண்டி போட நினைப்பவர்கள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. அடுப்பு, தோசைக்கல், ஃப்ரிட்ஜ், சிலிண்டர், மூடிய பாடி, உள்ளே நிற்கும் இரண்டு பேர் எல்லாம் சேர்த்தால் 750 கிலோ மளமளவென நிறைந்துவிடும். போதாக்குறைக்குப் பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டி திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாயும். தொட்டியை உயரத்தில் வைக்காமல் தரையோடு வைப்பதும், உள்ளே தடுப்பு கொடுப்பதும் அவசியம்.

'பம்ப் ஸ்க்ரூ'வும் பெரிய டயரும்

"வண்டி இழுக்கல" என்றதும் சில இடங்களில் டீசல் பம்ப்பின் ஸ்க்ரூவைத் திருகி விடுவார்கள். டீசல் கூடுதலாகப் போகும். இழுவையும் கொஞ்சம் கூடும். ஆனால் உள்ளே போகும் காற்று அதே அளவுதான். எரியாத டீசல் கரும்புகையாக வெளியே வரும். சூடு ஏறும். அந்தச் சூட்டை முதலில் வாங்குவது சிலிண்டர் ஹெட்டும் பிஸ்டனும். புகைச் சோதனையிலும் வண்டி தேறாது.

இழுவை குறைந்ததற்கான காரணம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்கான டீசல் ஃபில்டர், தேய்ந்த கிளட்ச் பிளேட், சரியாகத் தெளிக்காத இன்ஜெக்டர், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக். இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பம்ப் பக்கம் போக வேண்டும்.

பெரிய டயரும் இதே மாதிரிதான். டயரின் மொத்த விட்டம் 10 சதவீதம் கூடினால், சக்கரத்தில் கிடைக்கும் இழுவை அந்த அளவுக்கே குறையும். 16 குதிரைத்திறனில் இது பெரிய இழப்பு. ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் போய்க்கொண்டிருக்கும்.

தீப்பிடிக்க வைக்கும் வயரிங்

கூடுதல் லைட், ஏர் ஹாரன், ஸ்பீக்கர் ஆகியவை சின்ன மாற்றங்கள்தானே என்று தோன்றும். பழைய வண்டிகளில் தீப்பிடிக்கும் அபாயம் இங்கிருந்தே வருகிறது.

12 வோல்ட்டில் 60 வாட் பல்ப் 5 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். அங்கே 100 வாட் பல்ப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல். இரண்டு பக்கமும் சேர்த்தால் 10 ஆம்பியருக்குச் செய்த வயரில் 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். வயர் சூடேறும், உறை உருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அங்கே ஒரு கம்பியைச் சுற்றிவிட்டால், எரிய வேண்டிய ஃபியூஸுக்குப் பதிலாக வண்டி எரியும்.

கூடுதல் மின்கருவி எதுவானாலும் பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், ரிலே. இந்த மூன்றும் இல்லாமல் இணைப்பு கொடுக்கவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்குக் கட்டமைப்பைத் திருத்துவதைத்தான் சட்டம் 'மாற்றம்' என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் கூடியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

அப்படியானால் எதுவுமே முடியாதா? முடியும், ஆனால் வழி உண்டு. சிஎன்ஜி அல்லது பேட்டரிக்கு மாற்ற, ஏ.ஆர்.ஏ.ஐ., ஐகேட் போன்ற சோதனை நிலையங்கள் ஒப்புதல் அளித்த கிட் வேண்டும். ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாட்டி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்ஜினை மாற்றினால் புதிய இன்ஜின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். திறந்த பாடியை மூடிய பாடியாக்கினாலும், வண்டியின் நிறத்தை மாற்றினாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு முன்பே அனுமதிக்கான பேப்பர் கையில் இருந்தால் பிறகு அலைச்சல் இல்லை.

இன்சூரன்ஸில் இருக்கும் பொறி

சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குக் காரணம் என்று தெரிந்தால், சொந்த வண்டிக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்கலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. அது பார்ப்பதற்கு மாற்றம் மாதிரியே இருக்காது. பின்னால் இரண்டு பலகை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வயல் வேலைக்கும் ஆள் ஏற்றுவது. சீட் பெல்ட் கிடையாது, பிடிமானம் கிடையாது. வண்டி கவிழ்ந்தால் எல்லோரும் தூக்கி எறியப்படுவார்கள். சரக்கு வண்டியில் இப்படிச் செல்லும் பயணிகளுக்கு இழப்பீடு தர இன்சூரன்ஸ் நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதாவது, பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்தி, மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால், அந்தப் பொறுப்பு வண்டிக்காரர் தலையிலேயே விழலாம். "நம்ம ஆளுங்கதானே" என்று ஏற்றும் ஒருவரின் வீடே விலைபோகும் நிலை வரலாம்.

முதலில் எதைப் பழுது பார்ப்பது?

கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

முதலில் நிற்பதற்கு. பிரேக் பேட், லைனிங், சிலிண்டர் கசிவு, பிரேக் ஆயில், ஹேண்ட் பிரேக். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். பழசானால் சூட்டில் கொதித்து, மிதித்தால் பெடல் தரையைத் தொடும்.

இரண்டாவது திரும்புவதற்கு. ஏஸின் முன் சக்கரம் திரும்புவது கிங்பின் மேல். கிரீஸ் அடிக்காமல் விட்டால் தேய்ந்து, சக்கரம் ஆடும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே பேரிங், கிங்பின் தேய்மானம் தெரிந்துவிடும்.

மூன்றாவது குளிர்ச்சிக்கு. சின்ன இன்ஜின், முழு லோடு, நம் ஊர் வெயில். ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் சரியாக இருக்க வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே உப்பும் துருவும் படியும். கூலன்ட் கலந்துதான் ஊற்ற வேண்டும். தண்ணீர் அடிக்கடி குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் மோர் மாதிரி இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. 'வீடு வரைக்கும் ஓட்டிடலாம்' என்பதுதான் பல இன்ஜின்களின் கடைசிப் பயணம்.

நான்காவது டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட்டில் மிச்சம் பிடித்த பணம் இன்ஜின் வேலையில் பல மடங்காகப் போகும்.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? இந்த இன்ஜினில் எரிதல் ஒரு சின்ன முன்னறையில் தொடங்குகிறது. அதைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை முதலில் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் பேட்டரியும் மோட்டாரும்தான் போகும்.

வாங்கும் முன் பத்து நிமிடம்

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ், நிதி நிறுவனக் கடன் எல்லாம் பாருங்கள். நேரில் இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸில் வெல்டு வைத்த தடம், அதன்மேல் புது பெயின்ட், ஸ்பிரிங் தாங்கி அருகே துரு, ஒரு பக்கம் மட்டும் கூடுதல் பட்டை ஆகியவை தெரிந்தால், அந்த வண்டி எவ்வளவு லோடு அடித்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கடற்கரை ஊர்களில் மீன் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் கவனம். உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி சேசிஸை உள்ளிருந்தே தின்றிருக்கும்.

எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 வயதுக்கு மேல் கட்டணமும் கூடும். இதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அப்போ எதைத்தான் மாத்துறது?

நிறைய இருக்கிறது. நல்ல சீட், தரைக்கு ரப்பர் மேட், லோடு கட்டக் கூடுதல் கொக்கிகள், தார்ப்பாய், பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர், ரிவர்ஸ் கேமரா, ரிலேயோடு போன் சார்ஜர், துருப்பிடிக்காமல் அடியில் கோட்டிங். இவை எதுவும் 1,550 கிலோ கணக்கைத் தொடாது. ஓட்டுநரின் முதுகையும் சரக்கையும் காப்பாற்றும்.

ஒரு மாற்றம் செய்யலாமா வேண்டாமா என்று குழப்பம் வந்தால் மூன்று கேள்விகள் போதும். இது ஏற்கெனவே இருந்த பாகத்தை அதே அளவில் திரும்பக் கொண்டுவருகிறதா? வண்டியின் எடை, உயரம், இழுவை இவற்றில் எதையாவது மாற்றுகிறதா? ஆர்.சி.யில் இருப்பதற்கும் ரோட்டில் நிற்கும் வண்டிக்கும் வித்தியாசம் வருகிறதா? முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் பழுது, செய்யலாம். மற்ற இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், பிறகுதான் பட்டறை.

அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் "ஒரு பிளேட் ஏத்தலாமா?" என்று கேட்டால், அவர் ஸ்பிரிங்கைப் பார்ப்பதற்கு முன்னால் திருப்பி ஒன்று கேட்பார்: "தம்பி, எவ்வளவு லோடு அடிக்கிறீங்க?" முக்கால் டன்னுக்கு மேல் என்று பதில் வந்தால், அந்த வண்டிக்குத் தேவை இன்னொரு பிளேட் அல்ல. இன்னொரு டிரிப்.